உப்புமீன் தண்ணீர்

1. வெட்டாத பயிர்

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒன்பது வருடம் ஒரே முதிய சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை செய்தேன். தரை துடைத்தேன், சமைத்தேன், அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு திரிந்தேன். அவர் கண்ணை மூடிய மாதமே வீட்டுக்குப் பூட்டு விழுந்தது. வேலை இல்லையென்றால் கொந்த்ராத்தோ, அதாவது வேலை ஒப்பந்தம், இல்லை. கொந்த்ராத்தோ இல்லையென்றால் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. இந்த நாட்டில் நாங்கள் இருப்பதும் போவதும் அந்தக் கடதாசியில்தான்.

சிஞ்ஞோராவின் உறவுக்காரர் ஒருவர் மலைப்பக்கத்தில் வேட்டைக் காணி வைத்திருந்தார். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பஸ் ஏறினால் ஒன்றரை மணித்தியாலம். அவரை எல்லோரும் தொத்தோரே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அந்தளவு காணி இருந்தால் இங்கே எவரும் தொத்தோரேதான். முதல் நாள் அவர் இத்தாலியனில் கேட்டதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"ஊரில என்ன செய்தனீ?"

"தோட்டம். வெங்காயம், புகையிலை, மிளகாய்."

"நல்லது. இஞ்சையும் விதைக்கிறதுதான். ஆனா வெட்டுறேல்லை."

வெட்டாமல் என்ன செய்வது என்று கேட்டேன்.

"மான் தின்னும். மானை வாற ஆக்கள் சுடுவினம். மான் எந்த இடத்தில நிக்கவேணும் எண்டு நான் சொல்லுவன். அங்கை நிக்கப் பண்ணிறது உன்ர வேலை."

யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டு வெங்காயம் ஆடு கடித்தாலே ஆட்டுக்காரனோடு மூன்று தலைமுறைக்குப் பகை. நான் மிருகம் தின்பதற்கென்றே விதைக்கப் போனேன். அன்று எனக்கு அது சிரிப்பாக இருந்தது. கொந்த்ராத்தோவில் கையெழுத்து வைத்த சந்தோசத்தில் எதைச் சொன்னாலும் சிரித்திருப்பேன்.

2. தொழில்

இங்கே உள்ள மானைத் தாய்னோ என்பார்கள். உடம்பில் புள்ளி இருக்கும். எங்கள் வன்னிப் புள்ளிமானுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். கிடாயின் கொம்பு மட்டும் அகப்பை போலத் தட்டையாக இருக்கும்.

தொழிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மழை விழுந்த பிறகு நிலத்தை உழுது சூலா விதைக்க வேண்டும். அது சிவப்புப் பூப் பூக்கிற ஒரு தீவனப் பயிர். அதோடு ஓட்ஸும் சின்ன அவரையும் கலந்து போடலாம். பெரிய வெளியாக விதைத்தால் மான் நடுவுக்கு வராது. இரண்டு பக்கமும் பற்றை இருக்கிற மாதிரி ஒடுக்கமாக, நீளமாக விதைக்க வேண்டும். ஒரேயடியாக விதைக்காமல் துண்டு துண்டாக, மூன்று கிழமைக்கு ஒன்றாக விதைத்தால் எப்போதும் எங்காவது இளம் தளிர் இருக்கும். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்து, மானுக்கு மணம் போகாத பக்கத்தில் அல்தானா கட்ட வேண்டும். அல்தானா என்பது பலகையில் அடித்த உயரப் பரண். வேட்டைக்காரர் அதில் ஏறிக் குந்தியிருந்துதான் சுடுவார்கள்.

எல்லாவற்றையும்விடக் கெட்டித்தனமான சாமான் உப்பு. மாடுகளுக்குக் கொடுக்கிற உப்புக் கட்டியை ஒரு மரக்குற்றியில் வைத்துவிட்டால் போதும். மழைக்கும் பனிக்கும் கரைந்து உப்பு மண்ணில் இறங்கும். பிறகு கட்டியை எடுத்தாலும் மான் வந்து அந்த மண்ணை நக்கும், தோண்டித் தின்னும். குட்டிக்குப் பால் கொடுக்கிற பெட்டைக்குக் கோடையில் உப்பு என்றால் உயிர்.

வருகிற வேட்டைக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் பருத்த தொந்திக்காரர். காரிலிருந்து பரணுக்கு நடக்கவே மூச்சு வாங்கும். மான் அவர்களைத் தேடி வரவேண்டும். அதனால் தொத்தோரே தெருவுக்குக் கிட்ட, காணியின் கீழ் எல்லையில் புதிய அல்தானா கட்டச் சொன்னார். அதற்கு முன்னால் நான் சூலா விதைத்தேன், உப்புக் கட்டி வைத்தேன். மூன்று மாதத்தில் மான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேரத்துக்கு வந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

3. கீழ்க்காணி

ஒருநாள் ட்ரக்டர் ஸ்டார்ட் வராமல் அதைத் தூசணத்தால் பேசிக்கொண்டு நின்றேன். கீழே இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆரது அங்கை, தமிழில பேச்சு விழுது?"

பெனடிக்ற். மன்னார்ப் பக்கம். எல்லைக்குக் கீழே உள்ள துண்டை ஒரு கிழவனிடம் குத்தகைக்கு எடுத்து, அவனும் மனைவி ஸ்ரெல்லாவும் தோட்டம் செய்தார்கள். வெண்டி, கத்தரி, பயித்தை, மிளகாய், பாகல். ஒரு கிணறும் இருந்தது. பலெர்மோவின் பல்லரோ சந்தையில் எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற கடைகளுக்குச் சனிக்கிழமை மரக்கறி போடுவார்கள். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்புவார்கள். எனக்கும் ஒரு கோப்பை சோறு வரும். மீன் குழம்பு என்றால் ஸ்ரெல்லாவின் கை தனிக் கை.

இரண்டு பேரும் முன்பு வீடுகள் கழுவப் போனவர்கள். அதை விட்டுவிட்டு வந்து இது மூன்றாவது வருடம். முதல் வருடம் விதை பிழை, இரண்டாம் வருடம் தண்ணீர் பிழை. ஸ்ரெல்லா ஒருநாள் பயித்தைக்குக் கம்பு நட்டுக்கொண்டே சொன்னாள்.

"அண்ணை, இந்த முறை விளைஞ்சாத்தான் கிழவன் காணியைத் தொடர்ந்து தருவன் எண்டு சொல்லிப்போட்டார். விளைஞ்சிட்டுது எண்டா இனிச் சாகும் மட்டும் ஒருத்தற்ற படியும் நான் கழுவப் போகமாட்டன்."

4. ஆடி வெயில்

வைகாசியில் பூத்த சூலா ஆனியில் காய்ந்து சருகானது. ஆடியில் அந்த மலை முழுக்க ஒரே ஒரு பச்சை, பெனடிக்றின் தோட்டம்தான். நடுவில் இருந்தது பழைய கம்பிவேலி. அடிக்கம்பி பல இடத்தில் அறுந்து கிடந்தது. ஒரு விடியற்காலை வெண்டிப் பாத்திக்குள் குளம்படி கண்டேன். உடனே போய்த் தொத்தோரேயிடம் சொன்னேன்.

"வேலியைத் திருத்த வேணும். மான் கீழ இறங்குது. எங்கட ஆக்களின்ர தோட்டம்."

அவர் தன் நாய்க்கு மயிர் வாரிக்கொண்டிருந்தார்.

"இறங்கட்டும். திண்டிட்டுத் திரும்பி மேலதானே வரும்? அல்தானாவுக்கு முன்னால நிக்கும். நான் தண்ணி விட்டு வளக்க வேண்டியதை அவை வளக்கினம். புரட்டாதியில ஆக்கள் வாற வரைக்கும் மான் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது." பிறகு நாயின் காதைத் தடவிக்கொண்டு கேட்டார். "உன்ர கொந்த்ராத்தோவும் அந்த நேரம்தானே முடியுது?"

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றின மாதிரிச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூட நான் திருப்பிக் கதைத்திருப்பேன். அந்தப் பெர்மெஸ்ஸோவை நம்பித்தான் என் மனுசியும் மகளும் பலெர்மோவில் இருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

5. கேட்டதும் சொன்னதும்

அடுத்த நாள் பின்னேரம் பெனடிக்ற் ஏறி வந்தான். இரண்டு பாத்தி வெண்டியில் குருத்துப் போய்விட்டது என்று சொன்னான். முகம் வாடியிருந்தது, ஆனாலும் ஏதோ வழி கண்டுபிடித்த ஆளின் அவசரம் இருந்தது.

"அண்ணை, உங்களுக்கு மான்ர குணம் தெரியும். அதுதான் கேக்க வந்தனான்."

"கேளும் தம்பி."

"எங்கட பக்கம் பண்டி வராமல் மீன் கழுவின தண்ணி தெளிக்கிறவை. பல்லரோவில உப்புமீன் விக்கிற ஒருத்தன் பீப்பாய் அடியில மிஞ்சிற தண்ணியைச் சும்மா தாறன் எண்டு சொன்னவன். கருவாடு கழுவின தண்ணியும் இருக்கு. வேலியோரமா ஊத்தினா நாத்தத்துக்கு மான் வராதெல்லோ?"

அன்று காலையில்தான் புதிய உப்புக் கட்டி இரண்டை என் கையால் தூக்கி வைத்திருந்தேன். அந்தத் தண்ணீரை ஊற்றினால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று நான்கு நாள் நாற்றத்துக்கு மான் வராது. பிறகு வெயிலில் நாற்றம் போய்விடும், உப்பு மண்ணில் இருக்கும். வேலி நீளத்துக்கும் உப்புக் கட்டி வைத்தது மாதிரித்தான்.

"ஓம் தம்பி, நாத்தம் மானுக்குப் பிடியாது. ஊத்திப் பாரும்."

"ஊத்தலாம் எண்டுறீங்கள்?"

"ஊத்தும்."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, அந்த வேலி நான்தான்.

6. விளைவு

நான்கு நாள் ஒரு குளம்படி இல்லை. ஸ்ரெல்லா ஒரு பை நிறைய வெண்டிக்காய் கொண்டுவந்து தந்தாள்.

"உங்கட மருந்து வேலை செய்யுது அண்ணை. வைச்சுச் சமையுங்கோ."

வாங்கினேன். சமைத்தேன். தின்றேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை அல்தானாவில் ஏறிப் பார்த்தேன். ஏழு பெட்டை மான், குட்டிகளோடு, வேலியோரம் வரிசையாக நின்று மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. சந்தைக்கு வந்த சனம் போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. நக்கி முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கம்பிக்குக் கீழே குனிந்து உள்ளே போயின. கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த பயித்தையை அடியோடு இழுத்துத் தின்றன.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மான் வரவர, ஊற்றின தண்ணீர் போதாது என்று நினைத்துப் பெனடிக்ற் பிளாஸ்ரிக் கான் கானாகக் கொண்டுவந்து ஊற்றினான். நான் மேலே நின்று பார்த்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஆவணி முடிவதற்குள் தோட்டத்தில் பாகற்கொடி மட்டும்தான் மிச்சம். அதை மானும் தின்னவில்லை.

புரட்டாதியில் வேட்டைக்காரர் வந்தார்கள். முதல் நாளே ஒரு பெரிய கிடாய், பரணிலிருந்து நாற்பது அடி தூரத்தில், உப்பு மண்ணில் தலையை வைத்தபடி விழுந்தது. தொத்தோரே என் முதுகில் தட்டினார். என் கொந்த்ராத்தோவைப் புதுப்பித்தார்கள். பெர்மெஸ்ஸோவும் வந்தது. அந்தக் கிழவன் பெனடிக்றுக்குக் காணியைத் தொடர்ந்து கொடுக்கவில்லை. அவர்கள் போன அன்று நான் மேட்டுக்காணியில் வேலை இருக்கிறது என்று போய்விட்டேன்.

7. பல்லரோ

அடுத்த மாரியில் ஒரு சனிக்கிழமை, பல்லரோவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஸ்ரெல்லா. மெலிந்து போயிருந்தாள்.

"சிவா அண்ணை, சுகமா இருக்கிறியளோ?"

"இருக்கிறன் பிள்ளை. பெனடிக்ற் எங்கை?"

"வடக்க, பொலோஞ்ஞாவில. ஒரு கடையில குசினி வேலை. நான் இஞ்சை பழையபடி படி கழுவிறன்." ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எங்களுக்குள்ள சரியில்லை அண்ணை. நத்தார்ப் பெருநாளுக்கும் அவர் வரேல்லை."

"ஏன்?"

"தோட்டம் அழிஞ்சது என்னாலயாம். கடைசிக் கிழமைகளில நாத்தம் தாங்கேலாமல் நான்தான் போதும் எண்டு மறிச்சனான். நீங்கள் சொன்ன மாதிரி விடாமல் ஊத்தியிருந்தாத் தப்பியிருக்குமாம். போன் எடுத்தால் அதைத்தான் சொல்லுறார். எனக்கும் இப்ப அப்பிடித்தான் படுது. நான்தான் கெடுத்துப்போட்டன்."

கத்தரிக்காயை வைத்துவிட்டேன். இந்தப் பிள்ளை என் குற்றத்தை இவ்வளவு மாதமாகத் தன் தலையில் சுமந்துகொண்டு படி கழுவியிருக்கிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஸ்ரெல்லா, நீ மறிச்சது நல்லதுக்குத்தான். உப்புக்குத்தான் மான் வந்தது. ஊத்த ஊத்த வரும்."

"அது பிறகுதானே உங்களுக்குத் தெரிஞ்சது?"

"இல்லை. அவன் வந்து கேட்ட அண்டைக்கே தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். சத்தம் போடுவாள், நாலு பேர் கூடுவார்கள் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்து போனை எடுத்து நம்பர் அடித்தாள். அதை என் முன்னால் நீட்டினாள்.

"இதை அவருக்குச் சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

மற்றப் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான்தான் என்று சொன்னேன். "ஆர், சிவா அண்ணையோ? எப்பிடியண்ணை இருக்கிறியள்?" என்றான். அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டுக்கொண்டே சொன்னேன். உப்புக் கட்டி வைத்ததை, தொத்தோரே சொன்னதை, எனக்குத் தெரிந்திருந்ததை, ஒன்றும் விடாமல் சொன்னேன். பாத்திரச் சத்தம் நின்றது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஸ்ரெல்லா பக்கத்தில நிக்கிறாளோ?"

"நிக்கிறா."

"அவளிட்டைக் குடுங்கோ."

எனக்கு ஒரு வசவுகூட மிச்சம் வைக்கவில்லை. போனைக் கொடுத்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்று கேட்டாள். "ஓம்" என்றாள். கொஞ்சம் கழித்து இன்னொரு "ஓம்". சால்வைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடியே நடந்து போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடத்தோடு வேட்டைக் காணியை விட்டேன். வேறு வேலை கிடைத்ததால்தான் விட்டேன், புண்ணியவான் ஆகி விடவில்லை. சூலா எப்போது விதைப்பது, காற்று எந்தப் பக்கம், பரண் எங்கே என்பதை இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எவரும் சொல்லித் தருவார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். உங்களை நம்பி ஒருவர் யோசனை கேட்டு வந்தால் தெரிந்ததை முழுக்கச் சொல்லுங்கள். முதலாளிக்குப் பயம் என்றால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் அன்று தெரியாது என்று சொல்லியிருந்தால், பெனடிக்ற் வேறு யாரையாவது போய்க் கேட்டிருப்பான்.