அதட்டல் நின்ற பட்டறை

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலருக்கு அவரை எங்கள் வீட்டின் மூத்த மகளாகத் தெரியும். மண்ணூர்ப் பட்டறையின் முதலாளியாக அவர் எப்படி இருந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஒரே தம்பி என்ற உரிமையில் அதை எழுதுகிறேன்.

அக்கா குன்றத்தூரில் பிறந்தார். மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்த எங்கள் அப்பா திடீரென்று காலமானபோது, அக்கா பள்ளி இறுதி வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தார். கிண்டியில் ஒரு மின்விசிறிக் கம்பெனியில், செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலையில் சேர்ந்தார். என் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. அங்கே கழிப்பறைக்குப் போகக்கூடக் கை தூக்கி அனுமதி கேட்க வேண்டும். ஏச்சுக்குப் பயந்து பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பில் படுத்ததும் உண்டு. வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

திருமணத்துக்குப் பிறகு, மோட்டார் மெக்கானிக்கான மாமாவும் அக்காவும் சேர்ந்து மண்ணூரில் ஓட்டுக் கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். கிணற்று மோட்டார்களுக்கான காயில்களைச் சுற்றிக் கொடுப்பது தொழில். பட்டறை கால் ஊன்றுவதற்குள் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் குன்றத்தூருக்கே வந்துவிடும்படி உறவினர்கள் சொன்னார்கள். காரியங்கள் முடிந்த மறுவாரமே அக்கா பட்டறையைத் திறந்தார்.

மண்ணூரிலிருந்தும் மணிமங்கலத்திலிருந்தும் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். மாமாவிடம் தொழில் கற்ற தேவராஜ் சூப்பர்வைசர். கையால் சுழற்றும் மெஷின்கள். சுற்றை வாய்க்குள் எண்ணிக்கொண்டேதான் சுற்ற வேண்டும். சுற்று குறைந்தால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.

ஒரு கோடையில் அதுதான் நடந்தது. எங்களிடம் சரக்கு எடுத்த ஒரே கம்பெனி, அனுப்பிய காயில்களில் பாதியைத் திருப்பி அனுப்பியது. இன்னொரு முறை இப்படி வந்தால் ஆர்டர் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. தப்புச் செய்பவர்களைப் பிடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்றார் தேவராஜ். விடுமுறையில் கணக்குப் பார்க்கப் போயிருந்த எனக்கும் அது சரியாகவே பட்டது.

அக்கா மறுநாள் பெண்களோடு ஒரு மெஷினில் போய் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுவதும் சுற்றினார். சனிக்கிழமை மதியம் தேவராஜைக் கம்பி வாங்கத் தாம்பரத்துக்கு அனுப்பிவிட்டு, மெஷின்களை நிறுத்தச் சொல்லி, எல்லோரோடும் தரையில் அமர்ந்தார்.

“உங்கள திட்டறதுக்குக் கூப்புடல. உங்க வேல கெட்டுப் போவறதுக்கு நான் இன்னா பண்றேன்? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

மரகதம்தான் முதலில் பேசினார். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. எண்ணிக்கினு இருக்கசொல்ல சூப்பர்வைசரு பின்னால வந்து நின்னு அதட்றாரு. எண்ணிக்கை உட்டுப் பூடுது. தப்பாயிடுச்சுன்னு சொன்னா, கம்பி வீணாப் போச்சுன்னு திட்டு. அதான் வாய மூடிக்கினு சரக்குப் பொட்டியில போட்டுட்றோம்.”

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார் என்று மரகதம் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை முதல் சட்டம் மாறியது. எண்ணிக்கை தவறியவர் அதைச் சொல்லிவிட்டுப் பிரித்துச் சுற்றலாம். அதற்காக அவரை யாரும் ஒரு சொல் கேட்கக் கூடாது. சுற்றும்போது யாரும் பின்னால் நிற்கக் கூடாது. மரகதம் குழந்தையைக் கூடவே கொண்டுவரலாம்; தூளி அக்காவின் மேசைக்குப் பக்கத்தில். இதைத் தனக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொண்ட தேவராஜ், வேலையை விடுவதாகச் சொன்னார்.

“அதட்டுன்னு உன்ன நிக்க வெச்சது நான்தான் தேவராஜு. தப்பு என்னுது. இனிமே அவங்களுக்கு இன்னா கொறையோ அதப் பாக்கறதுதான் உன் வேல. அது உன்னால ஆவும்” என்றார் அக்கா.

தேவராஜ் சில நாள் வரவில்லை. பிறகு வந்தார். வந்தவுடன் செய்த முதல் காரியம், உயரம் போதாத ஸ்டூல்களுக்குக் கட்டை அடித்ததுதான்.

ஆனால் உற்பத்தி உடனே ஏறிவிடவில்லை. அந்த மாதம் இறங்கியது. பிரித்த கம்பி மூலையில் குவிந்தது. பட்டறை மூழ்கப்போகிறது என்றே நான் நினைத்தேன். கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர் அந்தக் குவியலைப் பார்த்து முகம் சுளித்தார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைத் தடுத்தார்.

“இதெல்லாம் போன மாசம்னா உங்களுக்கு வந்திருக்கும் சார். இப்ப இங்கியே நின்னுடுச்சு” என்றார்.

ஆய்வுக்கு வந்தவர் பெட்டியிலிருந்த காயில்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. ஆர்டர் தப்பியது. அடுத்த பொங்கலுக்குள் குவியலும் கரைந்தது. திருட்டுத்தனமாகப் பெட்டியில் போட வேண்டிய தேவை போனதும் கைகளுக்கு நிதானம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு கம்பெனிகள் எங்களைத் தேடி வந்தன.

கடைசி ஆண்டில் அக்காவுக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரிக்குத் தேவராஜ்தான் அழைத்துப் போவார். பெண்கள் முறைபோட்டு வந்து குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்தார்கள். வலி தாங்காத நாட்களிலும், அவர்களில் யார் முகம் வாடியிருந்தாலும் காரணம் கேட்காமல் விடமாட்டார்.

நல்லடக்கத்துக்கு மறுநாள், துக்கத்துக்காக அந்த வாரம் முழுவதும் பட்டறையை மூடலாம் என்று சொல்லப் போனேன். கதவு திறந்திருந்தது. எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. மேற்பார்வை பார்க்க யாரும் இல்லை. தேவராஜும் ஒரு மெஷினில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை போக வேண்டிய சரக்கு வெள்ளிக்கிழமையே போயிற்று.

அக்காவின் நோயில் துணைநின்ற மருத்துவர்களுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த போதகருக்கும், தூரம் பாராமல் வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மரகதத்துக்கும் தேவராஜுக்கும் பட்டறைப் பெண்கள் அனைவருக்கும், கூடப் பிறந்தவன் என்ற முறையில், நான் கைகூப்புகிறேன். எனக்கிருந்த ஒரே அக்காவை இத்தனை பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டீர்கள்.