வரிகளுக்கு மேலே பென்சில்

புனேயிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக எங்கள் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டுப் பக்க இதழ் ஒன்றை அச்சிடுகிறது. ஆசிரியர், வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. பக்கங்களைக் கணினியில் அமைப்பது நான். பிழைப்புக்கு மென்பொருள் சோதனை. இந்த வருடம், "அச்செல்லாம் எதுக்கு, பிடிஎஃப் போதும்" என்று பேச்சு எழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு.

"யாராவது படிக்கிறாங்களான்னு நீயே போய்ப் பாத்துட்டு வா. லிஸ்ட் போடறதுன்னா உனக்கு அல்வா சாப்பிடற மாதிரியாச்சே" என்றார் அக்கா.

சனிக்கிழமை, தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் கோந்த்வா பகுதியில் வீடுவீடாகப் படியேறினேன். கையில் மூன்று கட்டம் போட்ட தாள்: படித்தது, பிரிக்காதது, காணாமல் போனது. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி, போன இதழ் எங்கே? முதல் வீட்டில் மிக்ஸிக்கு அடியில். இரண்டாவதில் உறைகூடப் பிரிக்கவில்லை. மூன்றாவதில், "பழைய பேப்பரோட எடைக்கு வாங்கற ரத்திவாலாகிட்ட போயிடுச்சும்மா." அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

நான்காவது வீட்டில், ஐந்தாவது படிக்கும் பெண் இதழை எடுத்துவந்து நீட்டினாள். கதைப் பக்கத்தில் ஒவ்வொரு தமிழ் வரிக்கு மேலும் பென்சிலில் மராத்தி எழுத்து. சொல் தமிழ்தான், எழுத்து மட்டும் அவள் பள்ளியில் படிப்பது. கீழே போகப்போகப் பென்சில் குறைந்தது. கடைசிப் பத்தியில் ஒன்றுமே இல்லை.

"நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார் அவள் அம்மா.

"கடைசில எழுதலையே?"

"அது எனக்கே வந்துடுச்சு" என்றாள் பெண்.

"பிடிஎஃப்ல அனுப்பினா?"

"போன்ல எங்கங்க எழுதறது? அதுவும் போனைக் குடுத்தா இவ திருப்பித் தரவா போறா?"

"ஆனா தீதி, வரிக்கு நடுவுல இடமே இல்ல. அம்மா எழுத்து எறும்பு மாதிரி இருக்கு" என்றாள் பெண் என்னிடம்.

கதையை ஒரே பக்கத்தில் அடக்க வரிகளை நெருக்கியது நான்தான். படியில் இறங்கும்போதே அக்காவைப் போனில் கூப்பிட்டேன். தாளில் நான்காவது கட்டம் போட்டேன். இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு வீடுகளில் அதே பென்சில்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிவந்த இதழ் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. பிடிஎஃப் போதும் என்றவரே, "ஏங்க, அடுத்ததுல என் பொண்ணுக்கும் ஒண்ணு எடுத்து வைங்க" என்றார். அச்சு தொடரும் என்று முடிவானது. ஆனால் வரிகளுக்கு நடுவே இடம் விட்டால் கதைக்கு இரண்டு பக்கம் வேண்டும். இதழோ எட்டுப் பக்கம்தான்.

"எதைத் தூக்கறது?" என்றார் அக்கா.

தூக்கக்கூடியவற்றுக்கு லிஸ்ட் தயாராக வைத்திருந்தேன். முதல் வரியில் அவருடைய தலையங்கம்.

"அடிப்பாவி" என்றார். பிறகு என் பேனாவை வாங்கி, "தூக்கிடு" என்று தலையங்கத்தை அவரே அடித்தார்.