தெளித்ததும் முழுகியதும்

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆரணியில் எங்கள் கோயிலுக்குப் போயிருந்தேன். பீடத்துக்குப் பக்கத்தில் ஞானஸ்நானத்துக்கென்று நீல டைல்ஸ் ஒட்டிப் பெரிய தொட்டி கட்டியிருக்கிறார்கள். பழைய கல்தொட்டியும் அப்படியே இருக்கிறது. குழந்தைக்குத் தெளிப்பதா, பெரியவனாகி முழுகுவதா, எல்லாம் அவரவர் இஷ்டமாம். ஈரச் சிமெண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளின் கடைசியில் அதே வாசனைதான். அப்போது நான் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கடவுளுக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். களம்பூர் ரைஸ் மில்லில் இருந்த ஒருவரை அக்காவுக்குப் பேசியிருந்தார்கள். அவளுக்கு அவரைப் பிடித்துப்போய், தனியாக இருக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் முழுக்கு ஞானஸ்நானக்காரர்கள்.

"கொயந்த நெத்தியில நாலு சொட்டு தெளிச்சா ஞானஸ்நானமா? பொண்ணு முழுகட்டும்" என்றார் அவர்கள் பாஸ்டர்.

முழுக்கு அங்கே, தாலி எங்கள் கோயிலில் என்று முடிவானது. சந்தையில் மாடு பிடிப்பதுகூட இதைவிட மரியாதையாக நடக்கும்.

கோடையில் ஆற்றில் வெறும் மணல். அந்தச் சபையில் ஒருவருக்குச் சாயப்பட்டறை இருந்தது. பட்டு நூல் அலசும் சிமெண்ட் தொட்டியைக் கழுவித் தண்ணீர் விட்டு அக்காவை முக்கினார்கள். கழுவிய லட்சணத்தில், வெள்ளைச் சேலையோடு இறங்கியவள் அரக்குச் சேலையோடு ஏறினாள். தறிக்கார ஊரில் அந்த நிறத்துக்கு விளக்கமா வேண்டும்? அவள் வீடு வருவதற்குள் செய்தி எங்கள் கோயில் போதகர் ஐயருக்குப் போய்விட்டது.

கல்யாண ஓலை வாசிக்க மாட்டேன் என்றார். இன்னாருக்கு இன்னார் என்று மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்காமல் கோயிலில் கல்யாணம் ஏது?

"நான் கொயந்தையில குடுத்தது இன்னா, வெறும் தண்ணியா? சபை முன்னாடி மன்னிப்பு கேக்கட்டும்."

அக்கா கேட்டாள். மறுநாளே பாஸ்டர் வந்துவிட்டார்.

"அப்ப நாங்க முழுக்கினது பொய்யா? இந்த சம்மந்தமே வேணாங்க."

மாப்பிள்ளை அவர் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகெலும்பை மில்லிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருப்பார் போலும். வேதத்தைக் கரைத்துக் குடித்த ஐயர், பாஸ்டர் இரண்டு பேருக்கும் அக்காவின் முகத்தை ஒருமுறை பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அந்த ஐயரும் இல்லை, பாஸ்டரும் இல்லை. பட்டறையை இடித்துவிட்டார்கள். அந்தச் சண்டையே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஆராதனை முடிந்ததும் இப்போதைய ஐயர், சின்ன வயசுக்காரர், தொட்டியைப் பெருமையாகக் காட்டிவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"நீங்க எதுலம்மா ஞானஸ்நானம் எடுத்தீங்க?"

"ரெண்டுலயும்தான் எடுத்துகினேன் ஐயரே" என்றாள் அக்கா. "கல்யாணந்தான் ஆவல."