பார் வைத்த லேடீஸ் சைக்கிள்

எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மயிலாப்பூரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். எங்கே போனாலும் ஜட்கா, இல்லாவிட்டால் கைரிக்‌ஷா, அதுவும் கிடைக்காவிட்டால் நடைதான். அப்படிப்பட்டவளிடம் போய்ப் பழைய சைக்கிள் வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார் எங்கள் பங்குச் சாமியார். "உனக்குத்தான் எல்லார் வீட்டுக்குள்ளேயும் போகத் தெரியும்" என்றார். வாஸ்தவம். பிள்ளை பிறக்காத வீடு ஏது?

தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டி மோட்டார் வாங்கிய வக்கீல்கள், அடையாற்றுப் பங்களாக்காரர்கள் என்று படியேறி, கொட்டகையில் துருப்பிடித்துக் கிடப்பதைக் கேட்டு வாங்குவேன். சிலர் முழுச் சைக்கிளாகக் கொடுப்பார்கள். பலர் ஒற்றைச் சக்கரத்தையோ பல் போன செயினையோ கொடுத்துவிட்டு, யானையைத் தானம் செய்த மாதிரி கேட் வரைக்கும் வந்து வழியனுப்புவார்கள். எல்லாம் கச்சேரி ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த பாயிடம் போகும். அவர் மூன்றைப் பிரித்து இரண்டாக்குவார். வெகு தூரம் நடந்து பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகளுக்கு அவை போய்ச் சேரும்.

போய்ச் சேரும் என்று நாங்கள் நினைத்தோம். முதல் வருஷம் கொடுத்தவை ஒரே மாசத்தில் மாமன், சித்தப்பன் கைக்குப் போய்விட்டன. அதனால் சாமியார் ஒரு விதி வைத்தார். எந்தப் பிள்ளை எந்தச் சைக்கிளின் துருவைத் தன் கையால் தேய்க்கிறதோ, அந்தப் பிள்ளை பெயரில்தான் அது நோட்டில் ஏறும். பாய் கடைக்குப் பின்னால் மணலும் தேங்காய் நாரும் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயும் வைத்தோம். பையன்கள் இரண்டு நாள் தேய்ப்பார்கள். அப்புறம் பம்பரம் விடப் போய்விட்டு அக்காளையோ தங்கச்சியையோ அனுப்பி விடுவார்கள். நாங்களும் கண்டும் காணாததுமாய்ப் பையன் பெயரையே எழுதிக்கொள்வோம். எந்த வீட்டில் பையன் பாத்திரம் தேய்த்தான், இங்கே சைக்கிள் தேய்ப்பதற்கு?

ஒரு வருஷம் கோடை லீவில் ஊரூர் குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பதினொரு வயசு. நான் பிரசவம் பார்த்துப் பிறந்தவள்தான். அம்மா மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் கூவி விற்று முடிக்கும் வரைக்கும் இவள் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து தேய்ப்பாள். அஞ்சாம் கிளாஸ் முடித்துவிட்டாள். மேலே படிக்க மயிலாப்பூருக்குத்தான் வரவேண்டும், ஆற்றுப் பாலம் தாண்டி மூணரை மைல். கட்டுமரம் கரை சேர ஒன்பது மணி ஆகும். மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். பள்ளிக்கூடம் பத்து மணிக்கு.

"நடந்து போனா பள்ளிக்கூடம் மூடுற நேரத்துக்குத்தான் போய்ச் சேரும். சைக்கிள் கெடைச்சா போவட்டும், நான் ஒண்ணும் தடுக்கல" என்று அவள் அப்பா என்னிடமே சொல்லியிருந்தார். அவள் படிப்பு அந்த ஒரு சைக்கிளில்தான் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் நான் செய்ததை.

அவள் தேய்த்தது ஒரு லேடீஸ் சைக்கிள். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரம்மா விட்டுப் போனது. கடையில் ஏழு வண்டி நின்றன. மற்ற ஆறையும் அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூணு வாரம் தேய்த்தாள். நகக்கண்ணெல்லாம் செங்கல் நிறமாகிவிட்டது.

என் மண்டையில் ஓடியது இதுதான். இவளுக்குப் பதினாலு வயசில் ஒரு அண்ணன் இருக்கிறான். அவன் மிதிப்பான், இவள் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவாள். அவன்தான் இவளைத் தேய்க்க அனுப்பியிருக்கிறான். ஆனால் எந்தப் பையனாவது பொம்பளை சைக்கிளில் ஏறுவானா? பாலம் தாண்டுவதற்குள் கூட்டாளிகள் சிரித்தே கொன்றுவிடுவார்கள். ஆகவே பாயிடம் போய், குறுக்கே ஒரு பார் பற்றவைத்து ஆம்பளை வண்டியாக்கச் சொன்னேன். பெரிய யோசனை செய்துவிட்ட மாதிரி எனக்குப் பெருமை வேறு.

பாய் தாடியைச் சொறிந்தார். "நல்லாத்தானே கீது நர்சம்மா, இன்னாத்துக்குப் போய் பாரு?"

"சொன்னதைச் செய்யுங்க பாய். நீங்க பிள்ளை பெறுகிற விஷயத்தில் நான் கேட்கிறேனா?" என்றேன். ஒன்பது பிள்ளை பெற்ற மனுஷரிடம் இப்படிப் பேசினேன். வாய் அப்படி எனக்கு.

பாரை வைத்துப் பித்தளையை உருக்கி ஒட்டும்போது ஹேண்டில் ஆடக் கூடாது. அவளைத்தான் கூப்பிட்டேன். "கெட்டியாப் பிடிச்சுக்கோடீ."

பிடித்துக்கொண்டாள். "எதுக்கு நர்சம்மா இது?"

"உங்க அண்ணன் ஏறத்தான்."

அவள் பிடியை விடவில்லை.

அண்ணன் பள்ளிக்கூடம் போகாதவன், அவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று சாமியார் இழுத்தார். தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் விடத்தானே என்று நானே வாதாடி ஜெயித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் வண்டிகளைக் கொடுத்தோம். நோட்டைப் பார்த்து அண்ணன் பெயரை நான்தான் வாசித்தேன். அந்த நேரம் அவள் முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஆடி மாசம் குப்பத்தில் ஒரு பிரசவம். முடித்துவிட்டு வெளியே வரும்போது காலை பதினொரு மணி. அவள் மணலில் கருவாட்டுக்கு மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் இருக்கிற நாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னிக்கு ஏன்டீ போகல?"

"பத்து நாள் வந்தேன் நர்சம்மா. அப்பால நின்னுட்டேன்."

"உங்க அண்ணன் எங்கே?"

"மீன் எடுத்துக்கினு மந்தைவெளிக்குப் போயிருக்குது. கரைக்கு வந்த ஒடனே கொண்டுபோனாத்தானே மீன் போவும்? எனக்கும் அதே நேரம்தான்."

"அப்போ நீயே ஓட்டிக்கொண்டு வரவேண்டியதுதானே?" கேட்டுவிட்டேன். கேட்ட வாயை என்ன செய்வது?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முறைக்கவும் இல்லை, அழவும் இல்லை. "பாவாடை கட்டிக்கினு எப்படி நர்சம்மா ஏறுறது? பாரு கீதே. அது இல்லாத வண்டின்னுதானே நான் தேய்ச்சேன்." குனிந்து இரண்டு மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நோட்டுலயும் அண்ணன் பேருதான் கீதுன்னு நைனா சொல்லுது" என்றாள்.

அடக் கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன். மூணு வாரம் அவள் என் கண்முன்னால் உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள். பிள்ளை பெறுகிறவளிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற நான், இவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவள் அப்பாவிடம் சண்டை போடலாம் என்று போனேன். அவர் எனக்கு நிழலில் பலகை போட்டு உட்காரவைத்தார். "நீங்க பையனுக்குன்னுதானே குடுத்தீங்க நர்சம்மா? அந்த வண்டி வந்தப்புறம்தான் வூட்டுல ரெண்டு வேளை அடுப்பு எரியுது. இப்போ திருப்பிக் கேட்டா எடுத்துக்கினு போங்க" என்றார். எரிகிற அடுப்பில் நான் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? எழுந்து வந்துவிட்டேன். விஷயம் தெரிந்த பிறகும் பாய் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த கோடையில் இன்னொரு லேடீஸ் சைக்கிள் வந்தது. இதற்காகவே அடையாற்றில் எத்தனை படி ஏறி இறங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். குப்பத்துக்குச் சொல்லியனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மீன் கூடையோடு வந்தாள். தாவணி போட்டிருந்தாள். பெரியவளாகி மூணு மாசம் ஆகிறதாம்.

கூடையை இறக்கிவைத்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் தள்ளிக்கொண்டு போய் கோயில் மைதானத்தில் ஏறினாள். ஒரு சுற்று, நேராக, கால் ஊன்றாமல் வந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"எப்போடீ கத்துக்கிட்டே?"

"ஞாயித்துக்கெழமை அண்ணன் தூங்குறப்போ, ஈர மணல்ல. பாருக்குக் கீழே காலை வுட்டு, கொரங்குப் பெடல்தான். பாவாடை ரெண்டு கிழிஞ்சுது."

"எடுத்துக்கொண்டு போ. இந்தத் தடவை உன் பெயர்தான் எழுதுவேன். உங்க அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். சீட்டில் படிந்த மண்ணைத் தாவணி முனையால் துடைத்தாள். "கூடை அம்மா தலையிலேர்ந்து என் தலைக்கு வந்துடுச்சு நர்சம்மா. பக்கத்துக் குடிசைப் பொண்ணு இப்போ அஞ்சாவது முடிச்சுது. அத்த வரச் சொல்லிக்கீறேன், அதுவே தேய்க்கட்டும். பாரு மட்டும் வெச்சுடாதீங்க." சும்மாட்டை வைத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அந்தச் சின்னப்பெண் வந்து, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நோட்டைத் திறந்து அவள் பக்கத்தில் குந்தினேன்.

"யாருக்குடீ தேய்க்கிறே?" என்று கேட்டேன்.

இந்தப் பெரிய மனுஷிக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"எனக்குத்தான்" என்றாள்.