தம்பியின் பாட்டுப் பெட்டியும் லலிதாவின் காதும்

நினைவு மலரில் மறைந்தவரை "அவர்" என்று மரியாதையாக எழுத வேண்டுமாம். என் தம்பியை நான் இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவர் என்று எழுதினால் படத்துக்குள் இருந்தபடியே அவன் சிரித்துவிடுவான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். நான் படித்தது நாலாம் கிளாஸ். பிழை இருந்தால் அச்சகத்தார் தலையில் போடுங்கள்.

தம்பி பிறந்தது திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், கோவிலை ஒட்டிய தெருவில், கடைசி வரை வாழ்ந்த அதே வீட்டில். அப்பா கோவில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தார். சின்ன வயதிலேயே போய்விட்டார். தம்பி விடியற்காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போனான். படித்து முடித்து சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா ஆனான். யாரையும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

லலிதாவைக் கல்யாணம் செய்தான். குழந்தை பிறக்கவில்லை. அதைச் சொல்லி இருவரும் எங்கேயும் அழுததில்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். அவன் ராகத்தின் பேரைத் தப்பாகச் சொல்வான், அவள் திருத்துவாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவர்கள் குடும்பம்.

சில வருஷம் முன்பு லலிதாவுக்குக் கடுமையான ஜுரம் வந்தது. ஜுரம் போயிற்று, ஆனால் காது பழையபடி ஆகவில்லை. தட்டு விழுந்தால் துடித்துப் போவாள். தம்பி பாட்டு செட்டைப் போட்டதும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

"என்னடி லலிதா, ஆம்படையான் பாட்டு வச்சா ஓடறியே, அவன் பாடினாத்தான் நாம ஓடணும்" என்றேன்.

"ஊசியால குத்தற மாதிரி இருக்குக்கா. அவர்கிட்ட பறைய வேண்டாம், சங்கடப்படுவார்."

நான் சொல்லாமல் இருப்பேனா? சொன்னேன். அன்றிலிருந்து தம்பிக்கு வேறு சிந்தனை இல்லை. அவளைத் திரும்பக் கூடத்தில் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பீக்கரை மாற்றினான். ஆம்பிளிஃபயரை மாற்றினான். பிறகு கட்டைவிரல் தடிமனில் ஒரு வயர் வாங்கி வந்தான். "இதுல துணி உலர்த்தலாமா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் லலிதா வந்து வாசற்படியில் நின்று கேட்பாள், "இப்ப தேவலை" என்பாள், பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

கடைசியில் சாலைக் கடைத்தெருவிலிருந்து செட் ரிப்பேர்காரரைக் கூட்டி வந்தான். நாகர்கோவில்காரர். அவர் கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார்.

"சாரே, பெட்டியில கொழப்பம் ஒண்ணுமில்ல. தரை சிமெண்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட சாமி படம். சத்தம் முட்டி முட்டித் திரும்புது. துணி தொங்கவிடுங்க."

லலிதா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கூடத்தில்தான் பூஜை, அங்கேதான் சிராத்தம். வருகிறவன் போகிறவன் எல்லாம் உரசுகிற பருத்தித் துணி தொங்கினால் மடி, ஆசாரம் எல்லாம் போய்விடும். கம்பளிக்கு மட்டும் அந்தத் தோஷம் இல்லை. தம்பி கம்பளி வாங்கி வந்தான். திருவனந்தபுரத்து வெயிலில் நாலு சுவரிலும் கம்பளி. உள்ளே நுழைந்தால் அவியல் மாதிரி வேகும். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "காசிக்குப் போறேளா, பத்ரிக்கா?" என்றாள்.

ஆனால் லலிதா வந்தாள். உட்கார்ந்தாள். பாதிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தாள். தம்பி முகத்தை அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன். பிறகு அவன், "கொஞ்சம் மங்கலா இருக்கே" என்று எழுந்து, கூர்மையான சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைத் திருகினான். அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

எனக்கு அப்போது புரியவில்லை. சில நாள் கழித்து அவன் வீட்டில் பிரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தாமல் கீகீ என்று கத்திக்கொண்டிருந்தது. அவன் அதன் மேலேயே சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"டேய், பிரிட்ஜ் உன்னைக் கூப்பிடறது."

"மதி, மதி. போதும் உன் தமாஷ்."

அவனுக்குக் கேட்கவில்லை. காது டாக்டரிடம் இழுத்துப் போனேன். வயசானதில் கீச்சென்ற கூர்மையான சத்தமெல்லாம் அவன் காதில் விழவில்லை என்றார். அதனால் எந்தப் பெட்டி வாங்கினாலும் அவனுக்கு மங்கல். குமிழைத் திருகுவான். அவள் காதில் ஊசி ஏறும். இத்தனை செலவும் ஒரு பக்கம் போக, அவளைக் கூடத்திலிருந்து விரட்டியது அவன் விரல்தான்.

காது மெஷின் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து செட்டைப் போட்டான். உடனே மெஷினைப் பிடுங்கி மேஜையில் வைத்தான். "அக்கா, இதையா அவ இத்தனை நாள் கேட்டா?" என்றான்.

குமிழைக் குறைத்துவிட்டு லலிதாவைக் கூப்பிட்டான். அதற்குள் காலம் தாண்டிவிட்டது. இப்போது மெல்லிய சத்தமே அவளுக்குக் குத்தியது. "ஏன்னா, நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள். அவன் செட்டை அணைத்துவிட்டுப் பின்கட்டில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அப்புறம் அவன் பாட்டுப் போடவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன தெருக்காரர்களுக்கும், பதிமூன்று நாளும் சமைத்துப் போட்டவர்களுக்கும், கூப்பிடாமலே வந்து கம்பளியை எல்லாம் கழற்றி மடித்து வைத்த ரிப்பேர்காரருக்கும் எங்கள் நமஸ்காரம்.

வருஷாப்திக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லலிதாவிடம் ஆறுதல் சொல்கிறவர்கள் மெதுவாகச் சொல்லுங்கள். அவள் காது இனிச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் வம்சத்தில் மெதுவாகப் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். முடியாதவர்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.