விமானி அறையின் பச்சை

ஒரு நிறம் சரிதான் என்பதற்கு யார் சாட்சி? பல்காரரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடியதாகத் தோன்றுகிறது. செயற்கைப் பற்கள் செய்யும் கூடத்தில் அவருக்கு வேலை. பக்கத்துப் பல்லோடு நிறம் ஒட்டாவிட்டால், செய்த பல் திரும்பி வந்துவிடும். பெரிய திறமைசாலி என்று சொல்லமாட்டேன். திரும்பி வருவதைப் பொறுக்காதவர், அவ்வளவுதான்.

அவருடைய அக்காவின் கணவர், பழைய சரக்கு விமானங்களில் மெக்கானிக்காக இருந்தவர். அதே ரக விமானத்தின் மாடல் ஒன்றைப் பல்காரர் வீட்டில் செய்துகொண்டிருந்தார். இறக்கைகள் தயார். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதுதான் பாக்கி. ஒட்டிவிட்டால் உள்ளே தூரிகை நுழையாது. அதற்குமுன் விமானி அறையின் பச்சை சரியாக அமைய வேண்டும். அந்த அறைக்குள் குனிந்தே முதுகு வளைந்துபோன அத்தான் அதைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

புத்தகங்களில் படத்துக்கொரு பச்சை இருந்தது. பல்காரர் சாப்பாட்டுக்கு நடுவே எழுந்துபோய், கலந்த வண்ணத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்ப்பார். உலர்ந்ததும் அது சற்றுக் கறுத்திருக்கும். மறுபடி கலப்பார். "விமானத்துக்கும் பல்லு கட்டுறீங்களா?" என்றாள் மனைவி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில், பிளாஸ்டிக் துண்டுகளில் விதவிதமான பச்சைகளைப் பூசி அத்தானிடம் கொண்டுபோனார். நீலம் தூக்கலாக இருந்த துண்டை அத்தான் முகத்தருகே பிடித்துப் பார்த்தார்.

"இதுதான் மச்சான். கண்ண மூடினாலும் எனக்கு இந்தப் பச்சைதான் தெரியும்."

படங்களில் இருந்ததெல்லாம் ஏதோ ஓர் அளவில் மஞ்சள் கலந்த பச்சை. இருந்தாலும் அத்தான் சொன்னதையே பூசினார். வெளிச்சத்தை அத்தனை முறை சோதித்தவர், பார்க்கிற கண்ணைச் சோதிக்கவில்லை.

பாதிகளை ஒட்டுவதற்குள் அத்தானுக்கு வலது கண்ணில் புரை நீக்கினார்கள். கட்டுப் பிரித்தபின் மாடலைப் பார்க்க வந்தார்.

"என்ன மச்சான் இது, குளியலறைச் சுவராட்டம்? எந்தக் குருடன் பொறுக்குனான்?"

"நீங்கதான்" என்றாள் அக்கா.

அத்தான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு துண்டுகளைப் பார்த்தார். பிறகு மற்றதைப் பொத்தினார். எதையும் மஞ்சளாகக் காட்டும் புரை இன்னும் நீக்காத இடது கண்ணுக்குப் பழைய நீலத் துண்டே சரியாக இருந்தது. தெளிந்த வலது கண்ணுக்கு மஞ்சள் கலந்த துண்டு. "ஆளுக்கொண்ணு சொல்லுது" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பல்காரர் மட்டும் துண்டுகளை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றே நீலப் பச்சையைச் சுரண்டி, மஞ்சள் கலந்ததைப் பூசினார். படங்களோடு பொருந்தியது. "இனிமே தாராளமா ஒட்டு" என்று அத்தானும் சொல்லிவிட்டுப் போனார். சாட்சிகள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள். பல்காரரோ பசைக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மறுநாள் காலையில் அந்த நீலப் பச்சையையே மறுபடி கலந்து, உள்ளே பூசி, உலரவிட்டு, இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டார். ஏன் என்று மனைவி கேட்டாள், அக்கா கேட்டாள், அத்தானும் கேட்டுப் பார்த்தார். "கண்ண மூடினாலும் தெரியுற பச்சைன்னு சொன்னீங்களே அத்தான். பசை காயுது, தொடாதீங்க" என்றார்.