விட்டுப்போன இரண்டு சொற்கள்

போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு நிவாரண நிறுவனத்தில் வேலை செய்தேன். முகாம்களுக்கு அனுப்பும் பொருட்கள் போய்ச் சேர்ந்ததைக் கணினியில் உறுதிசெய்ய ஒரு மென்பொருள் வந்தது. அதற்குத் தமிழ்க் கையேடு எழுதியது நான்தான். "லொறி வந்ததும் 'பெற்றுக்கொண்டோம்' பொத்தானை அழுத்தவும்" என்று எழுதினேன். லொறியிலிருந்து சாமான் இறக்குவதை நான் பார்த்ததே கிடையாது.

ஒருநாள் தம்பலகாமத்து முகாமின் களஞ்சியப் பொறுப்பாளர் ராசமணி அக்கா கையேட்டோடு வந்து நின்றார். வழியில் சோதனைச் சாவடியில் பால்மாப் பெட்டிகளில் பாதியை இறக்கி எடுத்துவிட்டார்களாம். அது தெரியுமுன்பே அவர் பொத்தானை அழுத்திவிட்டாராம்.

"எண்ணிப் பார்க்காமலா அழுத்தினீங்கள்?" என்று சீறினேன்.

"நீங்கள் எழுதினபடிதான் செய்தனான், தங்கச்சி. லொறி வந்தது, அழுத்தினன். பிறகுதான் சாமான் இறக்கினம். இப்ப பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

குறைந்த பெட்டிகளை மறுபடி அனுப்பக் கேட்டு மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் திரையைப் பார்த்தார். "முழுக்கக் கிடைச்சதெண்டு கிடக்கு. இனி மாத்த ஏலாது" என்றார்.

அதைச் சொன்னபோது அக்கா திட்டவில்லை. கையேட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றே 'சாமானை எண்ணிவிட்டு' என்று இரண்டு சொற்களைச் சேர்த்தேன். திருத்திய கையேட்டுக்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழும் தந்தார்கள். அடுத்த லொறி தம்பலகாமம் போக ஒரு மாதமானது. அதுவரை அந்தப் பிள்ளைகள் என்ன குடித்தார்கள் என்று நான் அக்காவிடம் கேட்கவேயில்லை.